பகலில் தூங்குகிறவன்

காத்திவாக்கம்,
9 செப்டம்பர் 2024

அன்புள்ள சில்வியா அண்ணிக்கு,

தோத்திரம். ஞானம் எழுதுகிறேன். உங்கள் நம்பருக்கு அடித்தால் ஒரே ஒரு மணி கேட்டு அடங்கிவிடுகிறது. பிளாக் செய்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளவே மூன்று நாள் ஆனது. நான் கொஞ்சம் மந்தம், டெரிக் சொல்லியிருப்பான். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில். அதுவும் லீவு லெட்டர். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரிலும் வந்தேன். ராயபுரம் வீட்டு வாசலில் டெரிக்கின் அண்ணன் ஹென்றி நின்றார். "அவ உன் மூஞ்சிய பாக்கமாட்டா. போய்க்கினே இரு" என்றார். போய்க்கொண்டே இருந்தேன், காசிமேடு வரை நடந்துவிட்டேன். எப்போது பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

அண்ணி, டெரிக்குக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருடச் சிநேகம். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ராத்திரி டூட்டி, பகலில் தூக்கம், சாவு வீடென்றால் கானா பாட்டு, இவ்வளவுதான் என் பிழைப்பு. எத்தனையோ சாவுக்குப் பாடியிருக்கிறேன். என் தோஸ்து டெரிக்கின் சாவுக்குத் தொண்டை அடைக்காமல் பாடினதற்காக என் மேல் கோபமா? அந்த நாலு வரிக்காகக் கோபம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

தோணி மேல நின்னவனே
தோஸ்த நீயும் தேடலியா
கெட்டியா புட்ச்ச கைய
ஆழத்துல வுட்டதாரு

அந்த வரி நான் கட்டினது இல்லை. டெரிக் சொன்னது. எப்படிச் சொன்னான் என்று நீங்கள் கேட்டால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் ஒன்று மட்டும் நம்புங்கள், நான் யார் பெயரையும் பாட்டில் வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஞானம்


ராயபுரம்,
14 செப்டம்பர் 2024

ஞானத்துக்கு,

போனை எடுக்காததற்குக் காரணம் உன் குரல். இன்னொரு முறை அதைக் கேட்டால் எனக்குக் குமட்டும். காகிதத்தில் குரல் இல்லை என்பதால் பதில் எழுதுகிறேன்.

பெயர் வைக்கவில்லை என்கிறாய். அன்றைக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு பாடினாய், அதனால் நீ பார்க்காததை நான் சொல்கிறேன். ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. ஐஸ் பெட்டிக்குள் அவர். "ஆழத்துல வுட்டதாரு" என்று மூன்று முறை இழுத்துப் பாடினாய். மூன்றாவது முறை முடிவதற்குள் பந்தலில் இருந்த அத்தனை தலையும் ஜோ பக்கம் திரும்பிவிட்டது. பதினேழாம் தேதி இறால் பிடிக்கப் போன படகில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் என் புருஷன், இன்னொருவன் என் தம்பி.

ஜோ அன்றிலிருந்து சொல்வது ஒன்றுதான். மதியம் இரண்டேகாலுக்கு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் கடல் பக்கம் இழுத்தது. மாமா யாருக்கோ போன் போட்டார், ஆள் வருகிறது என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஓர் அலை படகைக் கவிழ்த்தது. இவன் மாமா கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், அடுத்த அலை பிரித்துவிட்டது. போன் கடலில் போய்விட்டது. வருகிறேன் என்று சொன்ன ஆள் யார் என்று இதுவரை ஒருவரும் முன்னுக்கு வரவில்லை. உன் பாட்டுக்கு முன்னால் எல்லோரும் அவனைப் பாவம் என்றார்கள். பாட்டுக்குப் பிறகு அவன் சொன்ன போன் கதை பொய்யாகிவிட்டது.

ஹென்றி அத்தான் அவன் சட்டையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே தள்ளினார். பெட்டிக்குத் தோள் கொடுக்க விடவில்லை. திங்கட்கிழமை முப்பதாம் நாள் பூசை, அதற்கும் அவன் வரக்கூடாதாம். இப்போது அத்திப்பட்டில் ஒரு லாரி ஷெட்டில் தங்கி, கிளீனர் வேலை பார்க்கிறான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, போனில் பேசினால் மூச்சு மட்டும்தான் கேட்கிறது.

சாவு கானாவுக்கு ஒரு முறை உண்டு என்று நீயே எங்கள் கல்யாண வீட்டில் பெருமையாகச் சொன்னாய். பாடப் போகிறவன் முதலில் வீட்டு ஆட்களிடம் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர்கள் சொல்லாததைப் பாடக்கூடாது. என்னிடம் நீ எதுவும் கேட்கவில்லை. அந்த வரி உன் கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை ஹென்றி அத்தானிடம் காட்டி என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவருவேன். உன்னிடம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சில்வியா


காத்திவாக்கம்,
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஜோவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்பனை என்று எழுத என் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இது டெரிக்குக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

தூங்கிக்கொண்டிருக்கும்போதே, இது கனவு என்று தெரிந்து, கனவுக்குள் நம் இஷ்டத்துக்கு நடமாடலாம். இரண்டு வருடம் முன்னால் செல்போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரம் உள்ளங்கையைப் பார்த்து, "நான் முழிச்சிக்கினு கீறனா" என்று கேட்க வேண்டும். யார்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள். பழகிப் பழகி, ஒரு நாள் கனவிலும் கை தானாக முகத்துக்கு எதிரே வந்தது. பார்த்தால் ஆறு விரல். கனவில் விரல் கணக்கு சரியாக வராது அண்ணி. எழுத்தும் அப்படித்தான், ஒரு பெயரை இரண்டு முறை படித்தால் இரண்டாவது முறை கலைந்திருக்கும். தெரிந்துவிட்டால் அப்புறம் நாம்தான் ராஜா. முதல் நாள் டோல்கேட் சிக்னலுக்கு மேலே பறந்தேன், கீழே டிராபிக் அப்படியே நின்றிருந்தது.

பறப்பது ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. பாட்டுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தேன். எங்காவது சாவு என்று ஆள் வந்தால், கிளம்பும் முன் ஒரு மணி நேரம் படுப்பேன். கனவில் ஒரு பந்தல் வரும். நல்ல வெயில். நாற்காலி எல்லாம் காலி. நடுவில் ஐஸ் பெட்டி. செத்தவர் எழுந்து கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு உட்காருவார். "இன்னா பாடணும், சொல்லுங்கோ" என்பேன். சொல்வார்.

திருவொற்றியூரில் இசக்கியம்மாள் என்று ஒரு கிழவி செத்தார். கனவில் என்னிடம், "தொட்டில்லயே போச்சே என் மூத்தது, அதப் பாடுடா" என்றார். பாடினேன். அவர் மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்லயே பாதிப் பேருக்குத் தெரியாதே, உனக்கு யாரு சொன்னது" என்று அழுதாள். அதன் பிறகுதான் என் பாட்டுக்கு ஊரில் பெயர் வந்தது. காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு விவரம் கேட்பதை விட்டுவிட்டேன்.

டெரிக்குக்கும் அப்படித்தான் படுத்தேன், பதினெட்டாம் தேதி ஞாயிறு மதியம். பெட்டிக்குள் உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கைய ஏன்டா வுட்ட" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் அதைப் பாட்டாக்கினேன். செத்தவன் சொன்னதைப் பொய் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

ஞானம்


ராயபுரம்,
3 அக்டோபர் 2024

ஞானத்துக்கு,

உன் கடிதத்தை முதலில் கிழித்துப்போட்டேன். பிறகு துண்டுகளை எடுத்து ஒட்டினேன். செத்தவர் உன்னிடம் பேசுவார் என்றால் என்னிடம் ஏன் பேசக்கூடாது என்று தோன்றிவிட்டது.

ஏழு நாள் கையைப் பார்த்தேன். கிளியரிங் ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட் ரோஸ்மேரி, "இன்னாடி கையில, ரேகை பாக்கறியா" என்று கேட்டாள். எட்டாம் நாள் மதியம், ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். டம்ளரைப் பிடித்த கையில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு சுண்டுவிரல் இருந்தது. பயமாக இல்லை. நீ சொன்ன மாதிரியே இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் போட்டு அனுப்பிய அதே வெள்ளைச் சட்டை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தரை மட்டும் நனையவில்லை. நான் ஜன்னலைத் திறந்தேன், துறைமுகத்துச் சுவர் இருக்கக்கூடாது என்று நினைத்தேன், சுவர் மறைந்துவிட்டது. வெறும் கடல். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்படி ஒரு நிம்மதி அவர் உயிரோடு இருந்தபோதுகூட எனக்கு இருந்ததில்லை, இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு நான்கு நாள் அரை நாள் லீவு போட்டு வந்து படுத்தேன். நான்காவது நாள் கேட்டேன், ஜோ கையை விட்டானா என்று. அவர் திரும்பி, "ஜோ பாவம்" என்றார். சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா. ஆனால் அவர் வாய் அசைவதற்கு ஒரு நொடி முன்னால் என் உதடு அசைந்ததை நான் கவனித்துவிட்டேன். இன்னொரு முறை கேட்டேன். இந்தத் தடவை இரண்டு வாயும் ஒன்றாக அசைந்தன. அவர் குரலும் என் குரலும் சேர்ந்து வந்தன.

யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எதிர் வீட்டுக்காரர்கள். மணி ஆறு. அடுப்பில் வைத்த பால் தீய்ந்து, பாத்திரம் ஓட்டையாகி, வீடெல்லாம் புகை. அந்தப் புகைக்குக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

உனக்கும் இப்படி வாய் சேர்ந்து அசையுமா? உண்மையைச் சொல்.

சில்வியா


காத்திவாக்கம்,
8 அக்டோபர் 2024

அண்ணி,

நிறுத்திவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். ஃபேன் ரிப்பேரும் வேண்டாம், வெறும் கடலும் வேண்டாம்.

வாய் அசையுமா என்று கேட்டீர்கள். நான் அவர்கள் வாயைப் பார்த்ததே இல்லை, பாட்டைத்தான் கேட்பேன். உங்கள் கடிதம் வந்த பிறகு பார்க்கலாம் என்று படுத்தேன். பந்தல் வந்தது. இப்போது நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை. நான் இதுவரை பாடின அத்தனை செத்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெட்டி மட்டும் காலி. அவர்கள் பெட்டியைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், மறுபடி பெட்டியைப் பார்க்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இது கனவு, கலைந்து போ என்று சொன்னேன். எப்போதும் கலையும். அன்றைக்குக் கலையவில்லை.

இன்னொரு பேஜாரும் சேர்ந்திருக்கிறது. எழுந்து, பல் துலக்கி, அம்மா கொடுத்த டீயைக் குடித்து, யார்டுக்குப் போய், வாசலில் அடையாள அட்டையைத் தேய்க்கும்போது அட்டையில் என் பெயர் கலைகிறது. பார்த்தால் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேன். போன வாரம் மட்டும் மூன்று முறை இப்படி டூட்டிக்குப் போனேன். இந்தக் கடிதத்தை எழுதும் முன் கையை எத்தனை தடவை எண்ணினேன் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பாட்டும் நின்றுவிட்டது. இரண்டு சாவுக்குக் கூப்பிட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஞானம்


ராயபுரம்,
19 அக்டோபர் 2024

ஞானத்துக்கு,

நான் நிறுத்திவிட்டேன். நிறுத்துவதற்கு முன் ஒரு வேலை செய்தேன்.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். கப்பலில் வந்த சரக்கின் காகிதத்தையும், அனுப்பியவன் தந்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது. அதையே கனவுக்கும் செய்தேன். எனக்குத் தெரியாத, ஜோவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அவரிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். கடைசியாக உள்ளே போனபோது, "அன்னைக்குப் படகில் என்ன சாப்பிட்டீங்க" என்றேன். "நீ கட்டிக் குடுத்த தயிர் சோறு, மாங்கா ஊறுகா" என்றார். என் உதடும் சேர்ந்தே சொன்னது.

மறுநாள் அத்திப்பட்டுக்குப் போனேன். ஜோ லாரிக்கு அடியில் இருந்தான். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் வெளியே வரவில்லை, அடியில் படுத்தபடியே பேசினான். சாப்பாட்டைக் கேட்டேன். "தயிர் சோத்த தெறக்கவேயில்லக்கா. எண்ணூர்ல பொரோட்டா வாங்கிக்கினோம். மாமாதான் அக்காகிட்ட சொல்லாதன்னாரு" என்றான்.

அந்த மனுஷருக்கு, ஞானம், அவர் தின்ற பரோட்டா தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததுதான் அவருக்குத் தெரியும். அங்கே வந்தவர் என் புருஷன் இல்லை. நானேதான் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். லாரி ஷெட்டில் நின்று அழுதேன், அவர் இரண்டாவது முறை செத்த மாதிரி இருந்தது.

அழுது முடித்ததும் அடுத்த கணக்கு வந்தது. என் கனவில் வருகிறவர் என்னைத்தான் பேசுகிறார் என்றால், உன் கனவில் வருகிறவர் உன்னைத்தான் பேசுவார். "கைய ஏன்டா வுட்ட" என்று உனக்குள் யார் யாரைக் கேட்டது?

ஜோவிடம் அந்தப் போனைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு நாளும் எல்லோரும் அவனிடம் யார் என்றுதான் அதட்டினார்களே தவிர, மாமா என்ன வார்த்தை சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் சொன்னது இது: "மாமா போன வச்சிட்டு சிரிச்சாருக்கா. எய்ந்துட்டான், வந்துகினு கீறான், இன்னொருத்தன கூப்புடத் தேவையில்லன்னாரு."

மதியம் இரண்டேகால் மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்துகொள்கிற ஆள், காத்திவாக்கத்தில், முகத்துவாரத்துக்குப் பதினைந்து நிமிட தூரத்தில், மாமன் படகு வாசலிலேயே இருக்கிறவன், என் புருஷனுக்கு எத்தனை பேர்?

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் நான்கு மணிக்குக் காசிமேடு கல்லறையில் எல்லோரும் இருப்போம். ஜோவையும் கூட்டிவருகிறேன், ஹென்றி அத்தான் அடித்தாலும் சரி. அதற்குள் எனக்கு எழுது.

சில்வியா


காத்திவாக்கம்,
26 அக்டோபர் 2024

அண்ணி,

என் போனில் இருக்கிறது. ஆகஸ்ட் 17, மதியம் 2.21, டெரிக், நாற்பத்தெட்டு வினாடி. நேற்றுத்தான் பார்த்தேன். நேற்றுத்தான் பார்த்தேன் என்றால், அதுவரை பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும். யாருக்குப் போட வேண்டுமானாலும் நம்பரை மனப்பாடமாக அழுத்துவேன். பழைய அழைப்புகள் பக்கம் விரலே போகாது. ஏன் போகவில்லை என்று நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி டூட்டி முடித்து வந்து படுத்தவன். கனவில்தான் இருந்தேன், விரல் எண்ணி உறுதி செய்துகொண்டு கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் டெரிக் என்று இருந்தது, இரண்டாம் தரம் பார்த்தபோது எழுத்து கலைந்திருந்தது. தூக்கக் கண்ணுக்குக் கலையாமல் என்ன செய்யும்? எனக்கு அப்போது அது தோன்றவில்லை. இதுவும் கனவில்தான் அடிக்கிறது என்று முடிவு கட்டினேன்.

"மச்சி, எஞ்சின் பூட்ச்சு, மொகத்துவாரத்துகிட்ட கீறோம், தண்ணி இழுக்குது, உங்க மாமன் படகை எடுத்துக்கினு வா" என்றான். நான் சிரித்தேன், அண்ணி. "இங்கயும் வந்துட்டியாடா. இரு, தோ வந்துகினே கீறேன். வேற எவனையும் கூப்புடாத" என்றேன். கனவில் ஒருத்தனைக் காப்பாற்றுவது எவ்வளவு ஜோராக இருக்கும் தெரியுமா? அந்த ஆசையில் சொன்னேன்.

போனேன். மாமன் படகை எடுத்தேன், எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது, கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. டெரிக்கின் கையைப் பிடித்துத் தூக்கி என் படகில் போட்டேன். ஜோவையும் தூக்கினேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு கரைக்கு வந்தோம். அஞ்சு மணிக்கு எழுந்தேன். மனசு லேசாக இருந்தது. அம்மா சுட்ட தோசை நாலு தின்றேன். அஞ்சாவது தோசை கல்லில் இருக்கும்போது தெருவில் சத்தம் கேட்டது.

அவன் என்னை நம்பித்தான் வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். மறுநாள் கனவில் நானே எனக்குச் சொல்லிவிட்டேன், கையை ஏன்டா விட்டாய் என்று. அதை ஜோவின் தலையில் கட்டிப் பாடிவிட்டேன். இசக்கியம்மாள் கதையும் இப்போது தெரிகிறது. சின்ன வயதில் அம்மா யாரிடமோ சொன்னதைத் பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்து கேட்டிருப்பேன். செத்தவர் ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. நானே கேட்டு, நானே சொல்லி, நானே பாடியிருக்கிறேன்.

இரண்டாம் தேதி நான்கு மணிக்கு வருகிறேன். ஹென்றி அண்ணன் முன்னால், ஜோ முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். வருகிறேன் என்று நான் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது. இருந்தாலும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஞானம்


காத்திவாக்கம்,
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

தோத்திரம். நேற்று உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கல்லறை வாசலில் கால் வைக்கும்போதே கூட்டம் தானாக வழி விட்டது. அத்தனை ஜனத்துக்கும் ஒரு சத்தமில்லை. கடற்காற்றிலும் மெழுகுவத்தி ஒன்றுகூட அசையவில்லை, அதைப் பார்த்தே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. டெரிக்கின் கல்லறை எது என்று தேடினேன். கண்ணில் தண்ணீர், கல்லில் இருக்கிற பெயர் ஒன்றையும் படிக்க முடியவில்லை. நீங்கள்தான் கை காட்டினீர்கள்.

பேச வேண்டாம் என்று பாடிவிட்டேன். பழைய மெட்டில், நாலாவது வரியை மட்டும் மாற்றி. "ஆழத்துல வுட்டவன் நான்" என்று பாடினபோது என் குரல் அவ்வளவு நன்றாக வந்தது, இதைச் சொல்லக்கூடாது, ஆனால் வந்தது. ஹென்றி அண்ணன் வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். ஜோ ஓடி வந்து என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று நனைந்திருந்தது, அழுத கண்ணைத் துடைத்திருப்பான். நீங்கள் என்னைப் பார்த்து, "போதும் ஞானம், மன்னிச்சிட்டோம்" என்றீர்கள். கூட்டமும் அதையே சொன்னது, ஒரே குரலில், பூசையில் பதில் சொல்வது போல.

இனி நிம்மதியாகத் தூங்குவேன்.

ஞானம்


ராயபுரம்,
5 நவம்பர் 2024

ஞானம்,

நீ வரவில்லை.

நான்கு மணியிலிருந்து ஆறரை வரை நின்றோம். மழை தூறியது. மெழுகுவத்தியெல்லாம் காற்றில் அணைந்து அணைந்து, ஏற்றி ஏற்றி விரல் சுட்டுப்போயிற்று. அத்தனை குடும்பமும் கல்லறையைக் கழுவிக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்த சத்தத்தில் சாமியார் ஜெபம் சொன்னதே கேட்கவில்லை. ஜோவைப் பார்த்ததும் ஹென்றி அத்தான் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் நடுவில் நின்றேன். ஞானம் வருவான், அவன் வாயால் கேளுங்கள் என்று இரண்டு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோ கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் என்னிடம் மெதுவாக, "அன்னைக்கும் இப்டித்தான்கா பாத்துக்கினு இருந்தோம்" என்றான்.

ஆறரைக்கு உன் இருபத்தாறாம் தேதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நானே உரக்கப் படித்தேன். தோசை வரை வந்தபோது என்னால் முடியவில்லை, ரோஸ்மேரி வாங்கிப் படித்து முடித்தாள். ஹென்றி அத்தான் அழவில்லை. பிறகு தீப்பெட்டியை ஜோவிடம் நீட்டினார். ஜோ அணைந்திருந்த வத்தியை ஏற்றினான். அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். யாரும் பாடவில்லை. இப்போது அவன் ஹாலில் படுத்திருக்கிறான், அவன் பாயில்.

இன்று காலை உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டூட்டிக்கே நீ போகவில்லையாம். அன்று மாலை படுத்தவன் ஞாயிறு காலையில்தான் எழுந்தாயாம், தூக்கத்தில் பாடினாயாம். உடம்பு அலுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீ வந்ததாகவே நம்புகிறாய். என் புருஷனைக் காப்பாற்றப் போனதும் இப்படித்தான்.

உன்னை யாரும் மன்னிக்கவில்லை, ஞானம். ஹென்றி அத்தான் மன்னிக்கவில்லை. நான் மன்னிக்கவில்லை. நான் உன்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நீயே சொல்லி நீயே வாங்கிக்கொண்டாய். என் வாயிலிருந்து அது ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அதற்கு நீ இங்கே வந்து, ஜோவின் முகத்தைப் பார்த்து, எங்கள் திட்டையும் அடியையும் வாங்க வேண்டும். அது வலிக்கும்.

இதைத் தபாலில் போடவில்லை. "நானே போய் இட்டாறேன்கா" என்று ஜோ சொல்லிவிட்டான். உன்னை எழுப்பி, கடிதத்தைக் கொடுத்து, கையோடு கூட்டிவருவான். நாளை மதியம் வருகிறான், நீ தூங்குகிற நேரம் அதுதான். அவன் உன் பெயரைச் சொல்லித் தட்டுவதும், நீ படிக்கிற இந்தக் கடிதமும் கனவுதான் என்று உனக்குத் தோன்றும். தோன்றினாலும் எழுந்து வா.

சில்வியா